பிளேட்டில் ஓட்டையைப் பெரிதாக்கினால் கியர் 'பட்'டென்று விழுமா? டர்போ 350 வால்வ் பாடி பற்றி ஒரு விரிவான பதில்

கேள்வி புதுச்சேரியிலிருந்து வந்திருக்கிறது. வண்டி ஒரு பழைய ஜீப். அதில் செவ்ரோலே 350 வி8 எஞ்சினும் டர்போ 350 என்கிற மூன்று கியர் ஆட்டோமேட்டிக் பாக்ஸும் ஏற்றியிருக்கிறார்கள். டிராக் ஓட்டத்துக்கு மட்டும். முழு மிதியில் ஒன்றிலிருந்து இரண்டாவது கியர் மாறுகிற இடத்தில் எஞ்சின் ஒரு கணம் கத்திவிட்டுப் பிறகுதான் பிடிக்கிறதாம். தெரிந்த மெக்கானிக் அண்ணன் ஒருவர், வால்வ் பாடிக்கும் (எந்த கிளட்சுக்கு ஆயில் போக வேண்டும் என்று பிரித்து அனுப்பும் பகுதி) பாக்ஸின் ஹவுசிங்குக்கும் நடுவில் இருக்கிற இரும்பு பிளேட்டில் எல்லா ஓட்டைகளையும் எட்டில் ஒரு இன்ச் பிட்டால் பெரிதாக்கிவிட்டால் கியர் 'பட்'டென்று விழும் என்றிருக்கிறார். அது சரியா, அப்படியே, கியரை லீவரால் மட்டுமே மாற்றும் மேனுவல் வால்வ் பாடியாகவும் நாமே மாற்றிக்கொள்ளலாமா, வீட்டில் இருக்கும் ஆட்டோமேட்டிக் காருக்கும் இதையே செய்யலாமா என்று மூன்றாகக் கேட்டிருக்கிறார். எனக்குப் படுவது, உண்மையான கேள்வி ஒன்றுதான்: அந்தக் கத்தல், ஓட்டை சின்னதாக இருப்பதால் வருகிறதா, வேறு காரணத்தாலா?

சுருக்கமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். எல்லா ஓட்டைகளையும் பெரிதாக்கக் கூடாது. இரண்டே இரண்டைப் பெரிதாக்கலாம். அதுவும் பிரஷர் கேஜ் போட்டுப் பார்த்த பிறகு. நீங்கள் சொல்லும் கோளாறு அநேகமாக ஓட்டையால் வருவதில்லை. மேனுவல் வால்வ் பாடியைச் செய்யாதீர்கள், வாங்குங்கள். வீட்டுக் காரைத் தொடாதீர்கள்.

ஏன் ஓட்டையால் வருவதில்லை என்கிறேன் என்றால், டர்போ 350-ன் உள்ளமைப்பு அப்படி. ஒன்றாவது கியரில் ஃபார்வர்டு கிளட்ச் (ஆயில் அழுத்தத்தில் இறுகும் தகடுகளின் தொகுதி) பிடித்திருக்கும். பின்பக்கம் ஒரு ரோலர் கிளட்ச், ஒரு திசையில் மட்டும் பூட்டிக்கொண்டு, வண்டியைத் தாங்கும். இரண்டாவதுக்கு இன்டர்மீடியட் கிளட்ச் பிடிக்க ஆரம்பித்ததும் அந்த ரோலர் தானாகவே விட்டுவிடும். எதையும் விடுவிக்கச் சொல்லி ஆயில் அனுப்ப வேண்டியதில்லை. மூன்றாவதுக்கும் இதே கதைதான்: டைரக்ட் கிளட்ச் பிடிக்கும், இன்டர்மீடியட்டின் ரோலர் விட்டுவிடும். ஆகவே லீவர் டிரைவில் இருக்கும்போது இன்டர்மீடியட் கிளட்ச் எவ்வளவு மெதுவாகப் பிடித்தாலும், அது பிடிக்கிற வரைக்கும் ஒன்றாவது கியர் எஞ்சினை விடாது. ஓட்டை சின்னதாக இருந்தால் மாற்றம் இழுபடும். எஞ்சின் சுற்று நிமிடத்துக்கு 6,000-லிருந்து கீழே இறங்க நேரமெடுக்கும். ஆனால் 6,000-ல் இருந்தது சட்டென்று 6,800-க்கு எகிறாது. எகிறுகிறது என்றால், அந்தக் கணத்தில் ஃபார்வர்டு கிளட்ச் வழுக்குகிறது, அல்லது பின் ரோலர் தேய்ந்துவிட்டது, அல்லது மொத்த லைன் பிரஷரே (பம்ப் கொடுக்கும் பிரதான ஆயில் அழுத்தம்) விழுகிறது என்று அர்த்தம். முதலில் கவனிக்க வேண்டியது இதுதான். எஞ்சின் சுற்றைக் காட்டும் மீட்டரின் முள் எகிறுகிறதா, இறங்கத் தாமதிக்கிறதா? கண்ணால் பார்த்தால் ஏமாந்துபோவோம். செல்போனை மீட்டருக்கு நேராக மாட்டி ஸ்லோ மோஷனில் எடுத்துப் பாருங்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு. லீவரை '1'-ல் வைத்துக் கிளம்பி, கையால் '2'-க்குத் தள்ளுகிறீர்கள் என்றால் கணக்கு வேறு. '1'-ல் லோ-ரிவர்ஸ் கிளட்சும் சேர்ந்து பிடித்திருக்கும். அது விட்டபிறகுதான் இரண்டாவது சுத்தமாக விழும். அதேபோல '2'-ல் லீவரை நிறுத்தினால் ஒரு பேண்டும் (டிரம்மைச் சுற்றி இறுக்கும் பட்டை) சேர்ந்து பிடிக்கும். அங்கிருந்து டிரைவுக்குத் தள்ளும்போது அந்த பேண்ட் விட வேண்டும். ஆகவே சோதனையை லீவரை டிரைவிலேயே விட்டு ஒருமுறை, கையால் தள்ளி ஒருமுறை என இரண்டு விதமாகவும் செய்யுங்கள். இரண்டிலும் ஒரே கோளாறு வந்தால், லோ-ரிவர்ஸ் கிளட்சோ பேண்டோ நேரத்துக்கு விடவில்லை என்ற சந்தேகம் போய்விடும்.

இப்போது ஓட்டையின் கணக்கு. பிளேட்டில் இருக்கிற ஒவ்வொரு துளையும் ஒரு கிளட்சுக்கோ, அக்யுமுலேட்டருக்கோ (கிளட்ச் மெத்தென்று பிடிக்க வைக்கும் உறுப்பு), ஒரு ஸ்பூல் வால்வின் (துளைக்குள் முன்னும் பின்னும் நகரும் உருளை) முனைக்கோ போகிற ஆயிலின் வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது. தெருக்குழாயில் குடம் நிரப்புகிற கணக்குதான்: குழாய் வாய் பெரிதானால் குடம் சீக்கிரம் நிரம்பும், நிரம்பிய குடத்தின் எடை மாறாது. கிளட்ச் எவ்வளவு சீக்கிரம் பிடிக்கிறது என்பதை ஓட்டை தீர்மானிக்கும். எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறது என்பதைத் தீர்மானிப்பது பிரஷரும், பிஸ்டனின் பரப்பும், கிளட்சுக்குள் இருக்கும் பிளேட்டுகளின் எண்ணிக்கையும். துளையின் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தில் ஏறும் என்பதையும் மறக்கக் கூடாது. 2.4 மில்லிமீட்டர் துளையை 3.2 ஆக்கினால், பார்வைக்கு முக்கால் மில்லிமீட்டர்தான் கூடியிருக்கும். ஆனால் பாய்கிற ஆயில் கிட்டத்தட்ட 78 சதவீதம் கூடிவிடும். அந்த ஆயிலை பம்ப் கொடுத்தாக வேண்டும். இன்டர்மீடியட் பிஸ்டனின் சீல் ஏற்கெனவே கசிகிறது என்றால், பெரிய ஓட்டை அந்தக் கசிவுக்கு இன்னும் தாராளமாக வழி விடுகிறது. லைன் பிரஷர் இன்னும் ஆழமாக விழும், ஃபார்வர்டு கிளட்ச் இன்னும் அதிகமாக வழுக்கும். மெக்கானிக் அண்ணன் சொன்ன வைத்தியம் உங்கள் வண்டியில் நோயைக் கூட்டிவிடக்கூடும் என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம்.

ஆகவே முதல் வேலை கேஜ். டர்போ 350 ஹவுசிங்கின் பக்கவாட்டில் லைன் பிரஷருக்கென்று எட்டில் ஒரு இன்ச் பைப் மரை போட்ட பிளக் ஒன்று இருக்கும். அதைக் கழற்றி ஒரு அடாப்டர், இரண்டு மீட்டர் ஹைட்ராலிக் ஹோஸ், 0 முதல் 25 பார் வரை காட்டும் கிளிசரின் நிரப்பிய கேஜ் ஆகியவற்றை மாட்ட வேண்டும். புதுச்சேரியில் தட்டாஞ்சாவடி, மேட்டுப்பாளையம் பக்கமோ, கடலூரில் சிப்காட் பக்கமோ ஜேசிபிக்கு ஹோஸ் அழுத்திக் கொடுக்கிற கடையில் இது மூன்றையும் ஒரே இடத்தில் கேட்டுப் பார்க்கலாம். மரையில் டெஃப்லான் டேப் சுற்றாதீர்கள். பிய்ந்த ஒரு இழை உள்ளே போனால் நேராக ஒரு ஸ்பூலில்தான் போய்ச் சிக்கும். ஹோஸை எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டிலிருந்து விலக்கிக் கட்டி, கேஜை கண்ணாடிக்கு முன்னால் டேப் போட்டு ஒட்டிவிடுங்கள்.

ஆயில் சூடேறிய பிறகு எடுக்க வேண்டிய அளவுகள் இவை. டிரைவில், ஐடிலில், பிரேக் மிதித்தபடி: 4 முதல் 5 பார் அளவில் இருக்கும். மாடுலேட்டருக்கு (எஞ்சினின் வேக்குவத்துக்கு ஏற்ப லைன் பிரஷரை மாற்றும் உறுப்பு) போகும் வேக்குவம் ஹோஸைக் கழற்றி, எஞ்சின் பக்கத்து முனையை அடைத்துவிட்டு, டிரைவில் 1,000 சுற்றுக்குக் கொண்டுவந்தால்: 10 முதல் 11.5 பார், அதாவது 150 - 170 பிஎஸ்ஐ. ரிவர்ஸில் இதைவிட நன்றாகவே ஏறும். 16 பார் அளவுக்குப் போனாலும் பயப்பட வேண்டாம், அது அமைப்பே அப்படி. கடைசியாக ஓட்டத்தில், கியர் மாறும் அந்த நொடியில் முள் எவ்வளவு கீழே போய் எவ்வளவு சீக்கிரம் திரும்புகிறது என்று பாருங்கள். ஒரு சின்ன சரிவு எல்லாப் பாக்ஸிலும் இருக்கும். முள் பாதிக்கு விழுந்து தடுமாறினால் அந்த கிளட்சின் சீல் கசிகிறது, அல்லது ஃபில்டர் அடைத்திருக்கிறது, அல்லது பம்ப் தேய்ந்திருக்கிறது.

மாடுலேட்டரைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் இங்கே பலர் அதைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். வேக்குவம் குறைந்தால் பிரஷர் கூடும். ஹோஸ் கழன்றுவிட்டால் எப்போதும் முழு பிரஷர். மெதுவாகப் போகும்போதுகூட முதுகில் அடிப்பதுபோல் கியர் விழும். முழு மிதியில் பிரஷர் ஏறவில்லை என்றால் பார்க்க வேண்டியது, ஹோஸ் எங்காவது நசுங்கி வேக்குவத்தைப் பிடித்து வைத்திருக்கிறதா என்பதை. கடையில் கிடைக்கும் மெல்லிய பெட்ரோல் டியூபை இதற்குப் போட்டால் சூட்டில் தளர்ந்து ஒட்டிக்கொள்ளும். தடித்த வேக்குவம் ஹோஸ்தான் வேண்டும். மாடுலேட்டரின் உள் டயஃப்ரம் கிழிந்திருந்தால் எஞ்சின் கியர் ஆயிலை உறிஞ்சி வெள்ளைப் புகை விடும். ஹோஸ் முனையில் ஆயில் ஈரம் தெரிந்தால் அதை மாற்றிவிட்டுத்தான் மற்றதைப் பேச வேண்டும்.

பிரஷர் சரியாக இருந்து, கேஜ் முள்ளும் விழாமல் இருந்து, மாற்றம் மட்டும் இழுபடுகிறது என்றால் அப்போது பிளேட்டுக்கு வரலாம். அதற்கு முன் பாக்ஸின் அடியில் இருக்கும் ஆயில் பானைக் கழற்றியதும் அடியில் படிந்திருப்பதைப் பாருங்கள். மெல்லிய சாம்பல் நிறச் சேறு இருந்தால் சகஜம். கறுப்புத் துகளும் தீய்ந்த வாசனையும் இருந்தால் கிளட்ச் பிளேட் போயாகிவிட்டது. வால்வ் பாடியில் எதைச் செய்தாலும் வராது, பாக்ஸை இறக்கத்தான் வேண்டும். இறக்கினால் இன்டர்மீடியட் பிளேட்டுகளை எண்ணுங்கள்; எந்த எஞ்சினுக்கு வந்த பாக்ஸ் என்பதைப் பொறுத்து எண்ணிக்கை மாறும். சின்ன எஞ்சினுக்கு வந்த பாக்ஸை வி8-க்குப் பின்னால் மாட்டிவிட்டு வால்வ் பாடியைத் திட்டுவதில் பிரயோஜனமில்லை.

பிளேட் வேலைக்கு வருகிறேன். முதலில் பாக்ஸ் லாக்அப் (எஞ்சினையும் பாக்ஸையும் ஆயில் வழியாக இணைக்கும் டார்க் கன்வர்ட்டரைப் பூட்டும் வசதி) இல்லாத டர்போ 350-தானா, லாக்அப் உள்ள 350சி-யா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். இரண்டின் வால்வ் பாடியும் பிளேட்டும் ஒன்றுக்கொன்று சேராது. பானை இறக்கும்போது சுமார் 3 லிட்டர் ஆயில் வரும். ஃபில்டர், லீவர் ரோலரின் ஸ்பிரிங், கிக்டவுன் கேபிள் (முழு மிதியில் கீழ்க் கியருக்கு இறக்குவது) ஆகியவற்றைக் கழற்றிய பிறகு வால்வ் பாடி போல்ட்டுகளைத் தளர்த்துங்கள். போல்ட்டுகள் ஒரே நீளம் இல்லை. ஒரு அட்டையில் வால்வ் பாடியின் படத்தை வரைந்து அந்தந்த இடத்தில் குத்தி வையுங்கள். இறக்கும்போது, லீவரோடு நகரும் மேனுவல் வால்வ் வழுக்கி விழுந்துவிடும், அதை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். அதன் விளிம்பில் ஒரு சிறு நசுங்கல் போதும், பிறகு லீவர் இறுகிவிடும். பிளேட்டுக்கு மேலே, ஹவுசிங்கின் வழிகளில் கால் இன்ச் இரும்பு உருண்டைகள் நான்கு உட்கார்ந்திருக்கும். பிளேட்டை வேகமாக இழுத்தால் நான்கும் ஆயிலோடு சேர்ந்து தட்டில் விழும். எது எந்தக் குழியில் இருந்தது என்று பிறகு யாருக்கும் தெரியாது. மெதுவாக ஒரு பக்கம் இறக்கி, போட்டோ எடுத்துவிட்டுப் பிறகு கையை வையுங்கள்.

பிளேட்டில் பெரிதாக்க வேண்டியவை இரண்டு: இன்டர்மீடியட் கிளட்சுக்குப் போகும் துளை, டைரக்ட் கிளட்சுக்குப் போகும் துளை. எது எது என்பதை ஊகிக்காதீர்கள். உங்கள் பிளேட்டுக்கான படத்தோடு வைத்துப் பாருங்கள். பிளேட்டுகள் வருடத்துக்கு வருடம் மாறியிருக்கின்றன. கியர் மாற்றத்தைத் திருத்துவதற்கென்று விற்கும் நல்ல கிட் ஒன்றை வாங்கினால் படமும் ஸ்பிரிங்குகளும் சேர்ந்தே வரும், என் பார்வையில் அந்தக் காசு வீண் இல்லை. கிட்களில் சொல்லும் ட்ரில் அளவுகள் பெரும்பாலும் 2.4 முதல் 3.5 மில்லிமீட்டருக்குள் இருக்கும். ஆனால் உங்கள் எஞ்சினுக்கும் வண்டி எடைக்கும் இதுதான் சரியான அளவு என்று இங்கிருந்து யாரும் சொல்ல முடியாது. ஆகவே சின்ன அளவில் ஆரம்பியுங்கள். முதலில் இருக்கும் துளையை ட்ரில் பிட்டின் அடிப்பகுதியை நுழைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். ஒரு தடவைக்குக் கால் மில்லிமீட்டருக்கு மேல் கூட்ட வேண்டாம். பெரிதாக்கினதைச் சின்னதாக்க முடியாது. வெல்டு வைத்து மூடுகிறேன் என்று பிளேட்டை வளைத்துவிட்டால் புது பிளேட் இங்கே கிடைக்காது.

மற்ற துளைகளை ஏன் தொடக் கூடாது? அவற்றில் சில அந்த உருண்டைகள் உட்காரும் இருக்கைகள். அங்கே துளை பெரிதானால் கால் இன்ச் உருண்டை ஆழமாக இறங்கிச் சிக்கிக்கொள்ளும். சில, வால்வுகளின் முனைக்கு ஆயில் மெதுவாகப் போய் அவை அதிராமல் இருப்பதற்காக வைத்தவை. பெரிதாக்கினால் வால்வ் நடுங்கும், கேஜ் முள்ளும் கூடவே ஆடும். எல்லாவற்றையும் ஒரே பிட்டால் துளைப்பது என்பது எந்தத் துளை எதற்கு என்று தெரியாதவர் செய்கிற வேலை. அண்ணன் மனம் நோகக் கூடாது, ஆனால் உண்மை அதுதான்.

துளைத்த பிறகு பிசிறு எடுப்பதில்தான் வேலையின் தரம் தெரியும். பெரிய பிட்டைக் கையால் சுழற்றி விளிம்பை லேசாகச் சாய்த்துவிட்டு, தடித்த கண்ணாடியின் மேல் 1,000 நம்பர் தண்ணீர் எமரியை ஒட்டி, பிளேட்டின் இரண்டு பக்கத்தையும் சமமாகத் தேய்க்க வேண்டும். உருண்டை அடித்து அடித்துக் குழிந்த இருக்கைகள் பிளேட்டில் வட்டமாகப் பளபளக்கும். குழி ஆழமாக இருந்தால் அந்த பிளேட்டே வேண்டாம். ஸ்பூல் வால்வுகளை எமரியால் தேய்க்காதீர்கள். அவற்றின் விளிம்புகள் கூர்மையாக இருப்பது தற்செயல் இல்லை. அந்தக் கூர்தான் அழுக்கை வழித்துத் தள்ளும். மழுங்கினால் துகள் இடுக்கில் ஏறி வால்வ் சிக்கும். சுத்தமான மண்ணெண்ணெயில் கழுவி உலர்த்திய பிறகு, வால்வ் பாடியைச் சாய்த்தால் ஒவ்வொரு வால்வும் தன் எடையிலேயே நழுவி இறங்க வேண்டும். தட்டினால்தான் இறங்குகிறது என்றால் அந்தத் துளையில் பிசிறோ, ஆயில் காய்ந்து படிந்த வார்னிஷோ இருக்கிறது.

இந்த வேலையைச் செய்ய நம் ஊரில் யார் பொருத்தம் என்றால், சாதாரண கார் ஒர்க்ஷாப்பைவிட டீசல் பம்ப் சர்வீஸ் செய்கிறவர்களைத்தான் சொல்வேன். மைக்ரான் இடைவெளியில் ஓடுகிற பிளஞ்சரைத் தினமும் கையாளுகிறவர்கள். தூசியில்லாத மேசையும் நூல் பிரியாத துணியும் அவர்களிடம் இருக்கும். நெய்வேலி சுரங்க டம்பர்களின் பவர்ஷிஃப்ட் பாக்ஸில் வேலை பார்த்தவர்கள் யாராவது பழக்கமிருந்தால் இன்னும் நல்லது. பாக்ஸ் வேறாக இருந்தாலும் கேஜைப் பார்த்துப் பேசும் பழக்கம் அவர்களுக்கு உண்டு. இன்னொன்று, நம் கடற்கரைக் காற்று. டர்போ 350-ன் வால்வ் பாடி வார்ப்பிரும்பு. மண்ணெண்ணெயில் கழுவி எண்ணெய் தடவாமல் ஒரு வாரம் திறந்து வைத்தால் செம்மண் நிறத்தில் பூத்துவிடும். அன்றே கோக்க முடியாவிட்டால் கியர் ஆயிலில் நனைத்து, பிளாஸ்டிக் பையில் கட்டி வையுங்கள்.

திரும்ப மாட்டும்போது உருண்டைகளை மேலே நிறுத்த வாசலின் போதும். வீல் பேரிங் கிரீஸ் வேண்டாம். அது ஆயிலில் கரையாமல் கட்டியாக ஓடி ஃபில்டரிலோ சிறு துளையிலோ நின்றுவிடும். பிளேட்டுக்கு மேலும் கீழும் வருகிற இரண்டு கேஸ்கட்டும் ஒரே மாதிரி தெரியும், ஆனால் ஒன்றல்ல. பிளேட்டோடு வைத்துத் துளை துளையாக ஒப்பிடுங்கள். சிலிக்கான் பசை எங்கேயும் கூடாது. போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, இரண்டு சுற்றில், 11 முதல் 15 நியூட்டன் மீட்டருக்குள் சர்வீஸ் புத்தகம் சொல்லும் அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். கை அழுத்தத்தில் இறுக்கினால் வால்வ் பாடி முறுகி, மேசையில் சுதந்திரமாக ஓடிய வால்வ் வண்டியில் சிக்கும்; இந்தக் கோளாறைக் கண்டுபிடிப்பதற்குள் மூன்று முறை பான் இறங்கிவிடும்.

பிரஷரைக் கூட்டுவது பற்றியும் சொல்ல வேண்டும். ரெகுலேட்டர் ஸ்பிரிங்கை மாற்றி 150 பிஎஸ்ஐ-யை 200 ஆக்கினால் கிளட்ச் பிடிமானம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடும். வழுக்கலுக்கு நேர் மருந்து இதுதான். கூடவே பம்ப் எஞ்சினிடமிருந்து அதிக சக்தியை எடுக்கும், ஆயில் சூடேறும், பழைய சீல் எல்லாம் தன் உண்மை நிலையைக் காட்டும். 1-2 அக்யுமுலேட்டரை அடைத்துவிடுவது இன்னொரு வழி. மெத்தென்று விழ வைப்பது அதுதான் என்பதால் அதை அடைத்தால் அடி பலமாக விழும். ஆனால் அந்த அடியை வாங்குவது டர்போ 350-ன் பேர்போன பலவீனமான இன்டர்மீடியட் ரோலர் கிளட்ச். அதன் வெளி வளையம் வெடிப்பது டிராக் ஓட்டுகிறவர்கள் எல்லோரும் அறிந்தது. ஆகவே பிரஷர், துளை, அக்யுமுலேட்டர் மூன்றையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். ஒன்றை மாற்றி, கேஜையும் மீட்டர் வீடியோவையும் பார்த்துவிட்டு அடுத்தது. ஆயிலுக்கு டெக்ஸ்ரான் 3 தரமே போதும். டைப் எஃப்-இல் வழுக்கலை மென்மையாக்கும் சேர்மானம் இல்லாததால் அது இன்னும் சற்றுக் கடுமையாகப் பிடிக்கும். விரும்பினால் போடலாம், அதை நம்பி வேறெதையும் விட்டுவிட முடியாது. பானில் ஆயிலின் சூடு 80 முதல் 95 டிகிரிக்குள் இருக்கட்டும். மே மாதத்தில் ரேடியேட்டரை மட்டும் நம்பாமல் விசிறி வைத்த தனி கூலர் வேண்டும்.

இவ்வளவும் செய்தால் நேரம் எவ்வளவு மிச்சமாகும் என்பது சந்தேகத்துக்குரிய பகுதி. கியர் மாற்றம் பாதி நொடியிலிருந்து கால் நொடியானால் ஓட்ட நேரத்தில் அந்தக் கால் நொடி அப்படியே மிஞ்சும் என்று நினைப்பது தவறு. கிளட்ச் வழுக்கும்போதும் சக்கரத்துக்கு விசை போய்க்கொண்டுதான் இருக்கிறது. எஞ்சினின் சுழல் வேகம் 6,000-லிருந்து 3,600-க்கு இறங்கும்போது விடுகிற சக்தியும் சேர்ந்தே போகிறது. நிச்சயமாகக் கிடைப்பது இரண்டு: கிளட்ச் தீயாமல் நீண்ட நாள் உழைக்கும், ஒவ்வொரு ஓட்டத்திலும் மாற்றம் ஒரே மாதிரி இருக்கும். நேரத்தைக் குறைக்க வேண்டுமென்றால் கன்வர்ட்டரும் பின் ஆக்ஸில் ரேஷியோவும் வால்வ் பாடியைவிட அதிகம் பேசும்.

மேனுவல் வால்வ் பாடிக்கு வருவோம். அதில் கவர்னர் (வண்டியின் வேகத்துக்கு ஏற்பக் கியரை மாற்ற வைப்பது), மாடுலேட்டர், கிக்டவுன் எதுவும் கிடையாது. பிரஷர் எப்போதும் உச்சத்தில், கியர் லீவர் சொன்னபடி. டிராக்குக்கு வாங்குவதாக இருந்தால் ரிவர்ஸ் பேட்டர்ன் வாங்குங்கள். அதில் நியூட்ரலுக்கு அடுத்து 1, 2, 3 என வரும்; மூன்றாவது லீவரின் கடைசி முனை. சாதாரண வரிசையில் இரண்டிலிருந்து டிரைவுக்கு வேகமாகத் தள்ளும்போது கை ஒரு படி தாண்டினால் நியூட்ரல். முழு மிதியில் எஞ்சின் சுமையில்லாமல் பறந்து, வால்வ் ஸ்பிரிங்கோ கனெக்டிங் ராடோ போகும். இதை நாமே செய்ய முடியாதா என்றால், வால்வ் பாடியில் சில வழிகளை அடைத்துச் சில வழிகளை வெட்டிச் சேர்க்க வேண்டும். ஒரு வழி தவறினால் இரண்டு கியர் ஒரே நேரத்தில் பிடித்து பாக்ஸ் உள்ளே நொறுங்கும். லேத் பட்டறையில் பார்த்துச் செய்கிற வேலை இல்லை. மேனுவல் பாடி போட்டபின் இன்னொரு அபாயம்: வேகத்தில் தவறி '1'-ல் இழுத்தால் தடுக்க கவர்னர் இல்லை. அது சாலைக்கு ஆகாது என்பதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

டிரான்ஸ்பிரேக் வைத்த பாடியும் கிடைக்கும். பட்டனை அழுத்தினால் ஒரு சொலினாய்டு, முதல் கியர் பிடித்திருக்கும்போதே ரிவர்ஸுக்கான கிளட்சுகளுக்கும் ஆயில் அனுப்பும். இரண்டும் மல்லுக்கட்டி அவுட்புட் ஷாஃப்ட் பூட்டிக்கொள்ளும். பட்டனை விட்டதும் ரிவர்ஸ் ஆயில் வெளியேறி வண்டி பாயும். மெல்லிய வயரும் தளர்ந்த எர்த்தும் போட்டால் சொலினாய்டு நிலையாகப் பிடிக்காது, நினைக்காத நேரத்தில் வண்டி முன்னால் பாயும். பட்டனை ஓரிரு நொடிக்கு மேல் அழுத்திப் பிடித்தால் கன்வர்ட்டரில் ஆயில் கொதிக்கும். ஜீப்பின் பழைய ப்ரொபெல்லர் ஷாஃப்ட் கிராஸும் பின் ஆக்ஸிலும் இந்த அடியைத் தாங்குமா என்பதை வண்டியைப் பார்க்காமல் சொல்ல முடியாது. ஷாஃப்ட்டைச் சுற்றி வளையம் போடாமல் டிரான்ஸ்பிரேக் பக்கம் போகாதீர்கள். பாக்ஸைச் சுற்றி எஸ்எஃப்ஐ (பந்தய வண்டிப் பாகங்களுக்கான பாதுகாப்புத் தரம்) 4.1 தரத்துக் கவசமும், எஞ்சினையும் கன்வர்ட்டரையும் இணைக்கும் 29.1 தரத்து ஃப்ளெக்ஸ்பிளேட்டும் இதற்கென்றே இருக்கின்றன. டார்க்ஃப்ளைட் 727 பாக்ஸ் மலிவாக வருகிறது என்று யாராவது சொன்னால் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: முதல் கியரில் லோ பேண்டும் பிடிக்கிற மாதிரி வால்வ் பாடி மாற்றியதா? இல்லையென்றால், ரோலர் கிளட்ச் உடையும்போது முன் டிரம் எஞ்சினைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் சுழன்று வெடிக்கும். ஓட்டுநரின் கால் இருப்பது அதன் பக்கத்தில்தான்.

வீட்டுக் கார் எது என்று எழுதவில்லை. ஆனால் கடந்த பதினைந்து வருடத்தில் வந்த எதுவாக இருந்தாலும் பதில் ஒன்றே. டார்க் கன்வர்ட்டர் வகையாக இருந்தால் பிரஷரை கம்ப்யூட்டர் சொலினாய்டு வழியாக நொடிக்கு நொடி மாற்றுகிறது. கிளட்ச் பிடிக்க எடுத்துக்கொண்ட நேரத்தை சென்சாரில் அளந்து அடுத்த தடவைக்குத் திருத்திக்கொள்ளும். நீங்கள் துளையைப் பெரிதாக்கினால் அது பிரஷரைக் குறைத்து பழைய நேரத்துக்கே கொண்டுவரப் பார்க்கும். முடியாதபோது எச்சரிக்கை விளக்கைப் போட்டு ஒரே கியரில் நின்றுவிடும். அங்கே ஒரு கிளட்ச் விடுவதும் இன்னொன்று பிடிப்பதும் நூலிழை நேரத்தில் நடப்பது. டர்போ 350-ல் இருப்பதுபோல் ரோலர் தானாக விடுகிற வசதி அங்கே பெரும்பாலான மாற்றங்களில் இல்லை. சிவிடி என்றால் பெல்ட் வழுக்கும். ஏஎம்டி என்றால் உள்ளே இருப்பது சாதாரண மேனுவல் பாக்ஸ். இந்த மாதிரி வால்வ் பாடியே கிடையாது.

சோதனை ஓட்டத்தை ஈசிஆரில் மரக்காணம் பக்கம் ராத்திரியில் வைத்துக்கொள்ளலாம் என்று யாராவது கூப்பிடுவார்கள். பொதுச் சாலையில் பந்தயம் மோட்டார் வாகனச் சட்டம் 189-வது பிரிவில் வருகிறது. 2019 திருத்தத்துக்குப் பின் முதல் தடவைக்கே மூன்று மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் அனுமதியோடு ஓட்டுகிற நாளுக்குக் காத்திருங்கள். அதற்கு முன் வண்டியை நிறுத்தி வைத்தே எடுக்கக்கூடிய மூன்று அளவுகள் மேலே இருக்கின்றன: டிரைவ் ஐடில், ஹோஸ் கழற்றி 1,000 சுற்று, ரிவர்ஸ். சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள், வண்டிக்கு முன்னாலும் பின்னாலும் ஆள் நிற்கக் கூடாது. அந்த மூன்று எண்களோடு, பானில் என்ன படிந்திருந்தது, கியர் மாறும்போது எஞ்சின் சுற்று மீட்டரின் முள் எகிறுகிறதா தாமதிக்கிறதா என்பதையும் எழுதுங்கள். துளையைத் தொட வேண்டுமா, பாக்ஸை இறக்க வேண்டுமா என்று அப்போது சொல்கிறேன்.